நீல எழுத்துகளுக்கு மேல் இரண்டு பூச்சு

மேடைப்பேச்சு பழகுகிறவனுக்கு முதலில் தரப்படும் பயிற்சி, கேட்பவர்களின் முகங்களைப் படிப்பது. முன்வரிசையில் யார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், யார் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார், எந்த வாக்கியத்தில் யாருடைய விசிறி அசையாமல் நின்றது என்பதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்டுகொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதில் தொடங்கி, இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம் என்று நான் ஏறிய எந்த மேடையிலும் அந்தப் பயிற்சி என்னைக் கைவிட்டதில்லை. எதிரணியின் மூன்றாம் பேச்சாளர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை அவர் எழுந்து நிற்கும் விதத்திலேயே சொல்லிவிடுவேன். ஆகவே, எங்கள் பள்ளியின் ஆசிரியர் தின விழாவில் நான் பேசிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஆறாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியை தம் வலக்கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டதைக் கண்டு, அவர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்றே முடிவு செய்தேன். எனக்கு அதில் துளியும் ஐயம் எழவில்லை.

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், சிம்பாங் அம்பாட்டைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற சிறிய தமிழ்ப்பள்ளி எங்களுடையது. பெரிய டீச்சர் என்று நாங்கள் அழைக்கும் தலைமையாசிரியையைச் சேர்த்து ஆசிரியர்கள் பத்துப் பேர். நான் அங்கே பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. புக்கிட் காத்திலிலிருந்து மோட்டார் சைக்கிளில் போவேன்; வழியெல்லாம் அன்றைய பாடத்தின் தொடக்க வாக்கியத்தைத் தலைக்கவசத்துக்குள் உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். நான்காம் ஆண்டுக்கு வகுப்பாசிரியர். அதோடு பள்ளியின் விவாத அணிக்குப் பயிற்றுநர். விழா என்றால் ஒலிவாங்கி என் கைக்குத் தானாக வந்துவிடும். வராவிட்டால் வருத்தப்பட்டிருப்பேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆறாம் ஆண்டில் பதினொரு மாணவர்கள். அவர்களுடைய ஆசிரியைக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அவர் கணக்குச் சொல்லித்தரும் சத்தம் வாசற்கதவு வரைக்கும் கேட்கும். பள்ளி வேன் ஓட்டுநரே வாய்ப்பாட்டை ஒப்பிப்பார் என்று கேன்டீனில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அவர் பல ஆண்டுகளாக ஒருநாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை என்று அலுவலகத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. பேச்சாளனுக்கு அது போதும். விழாவில் அவரை மையமாக வைத்து ஏழு நிமிடம் பேசினேன். முத்தாய்ப்பாக ஒரு வரி வைத்தேன்: "விடுப்பு அறியாத விளக்கு, ஓய்வு அறியாத ஒளி!" மோனை தானாக அமைந்திருந்தது. முதலில் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள், பிறகு பெற்றோர்கள். அந்தக் கைதட்டலை நான் பல நாள் மனத்துக்குள் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் விளையாட்டு ஆசிரியர், திடலில் கோடு போட்டது போக மீந்திருந்த நீலச் சாயத்தைக் கொண்டு, மாடிப்படி ஏறும் இடத்துச் சுவரில் அந்த வரியை எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். காலையில் பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டே படியேறுவார்கள். நானும் படித்துக்கொண்டே ஏறினேன்.

ஆசிரியை அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் அதிகம் பேசவில்லை. வெந்நீர்ப் போத்தலை மேசையில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்குத் தலையசைத்துவிட்டுப் புத்தகம் திருத்துவார். விரதம் இருக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் இரண்டாம் முறையும் தவறாகப் படித்தேன்.

விழா முடிந்து மூன்றாம் வாரம், திங்கட்கிழமை சபைக்கூடல். நாட்டுப்பண் முடிந்து தலைமையாசிரியை பேசத் தொடங்கியதும், ஆறாம் ஆண்டு வரிசையில் இரண்டாவதாக நின்றிருந்த மாணவி மடங்கி விழுந்தாள். அருகில் நின்றவன் நான். தூக்கியபோது அவள் உடம்பு அடுப்பங்கல்லாகக் கொதித்தது. முதலுதவி அறையில் படுக்கவைத்து, ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, அவளுடைய அம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"காய்ச்சல் எப்பலேருந்து?"

"நேத்துலேருந்து, சார்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மா லீவு போடுன்னுதான் சொன்னாங்க. அவங்க குளிக்கப் போனதும் நான் வேன்ல ஏறிட்டேன்."

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

அவள் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறந்தாள். "இன்னிக்கு என் முறை, சார்."

"என்ன முறை?"

"வாசிக்கிற முறை." அதோடு நிறுத்தினாள். பிறகு, அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. "டீச்சருக்குச் சத்தம் வரல, சார். ரூலர்ல ஒரு தட்டு தட்டுனா உட்காரணும். ரெண்டு தட்டுன்னா புத்தகத்த எடுக்கணும். மூணு தட்டுன்னா செஞ்சத மறுபடியும் செய்யணும். டீச்சர் போர்ட்ல எழுதிருவாங்க. அன்னிக்கு யாரு முறையோ அவங்க அத சத்தமா வாசிக்கணும். நான் வரலன்னா என் பக்கத்துல உட்கார்ற பையனோட முறை. அவனுக்கு சரியா வாசிக்க வராது. திக்குவான். அப்புறம் பக்கத்து கிளாஸ்ல தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்னா?"

"டீச்சர வேற ஸ்கூலுக்கு அனுப்பிருவாங்க."

"யாரு அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நாங்களாத்தான் பேசிக்கிட்டோம். அதான் வீட்டுலகூட யாரும் சொல்லல."

"டீச்சர் நாலு நாள் லீவு எடுத்தா சரியாயிடும்ல?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்தது இந்த ஆசிரியருக்குத் தெரியவில்லையே என்கிற பார்வை அது. "டீச்சர்தான் லீவே எடுக்க மாட்டாங்களே, சார். செவுத்துல எழுதியிருக்கே."

ஈரத்துணியைத் திருப்பிப் போட்டேன்.

இடைவேளையில் ஆறாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். ஆசிரியை தனியாக அமர்ந்திருந்தார். மேசையில் மரத்தால் ஆன அடிக்கோல். அதன் ஒரு முனை தட்டித் தட்டி மழுங்கியிருந்தது.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்றார். வாசற்கதவு வரைக்கும் கேட்ட குரல் அது. இப்போது இரண்டடி தள்ளி நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"அவங்க அம்மா வந்து கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. டீச்சர், எத்தன நாளா இப்படி?"

"அவ சொல்லிட்டாளா?" சிரிக்க முயன்றார். "பதினொன்னும் பதினொரு பூட்டுன்னு நினைச்சேன்."

கைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மலாக்கா நகரத்தில் உள்ள தொண்டை மருத்துவர் எழுதியது. குரல்நாண்களில் வீக்கம், சிறு கட்டிகள். இரண்டு வாரம் பேச்சே கூடாது, கிசுகிசுப்பும் ஆகாது. ஓய்வு கொடுக்காவிட்டால் அறுவை சிகிச்சை; அதன் பிறகும் பழைய குரல் திரும்பும் என்று உறுதி சொல்வதற்கில்லை. மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். ஆசிரியர் தின விழாவுக்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

"வகுப்புக்கு ஆள் ஏற்பாடு பண்ணிட்டு வந்து லீவுக்கு எம்சி வாங்கிக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். விழா முடிஞ்சதும் பெரிய டீச்சர்கிட்ட இந்த லெட்டர குடுக்கலாம்னுதான் பையில வச்சிருந்தேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நீங்க அப்படிப் பேசி முடிச்சிட்டீங்க. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நின்னு கை தட்டுது. அதுக்கு நடுவுல போயி, எனக்கு ரெண்டு வாரம் லீவு வேணும்னு நிக்கச் சொல்றீங்களா, தம்பி?"

தொண்டையில் வைத்த கை என் நினைவுக்கு வந்தது. அது வலி. நான் பேசப் பேச, அவருக்கு வலித்திருக்கிறது.

"தெரியாமப் பேசிட்டேன், டீச்சர்."

"தெரியாமத்தான் பேசுனீங்க. ஆனா நல்லாப் பேசுனீங்க. எங்க வீட்டுக்காரரு அந்த வீடியோவ அனுப்பாத ஆளே இல்ல." சிரிப்பு இருமலாக மாறியது.

"அடுத்த திங்கக்கிழம சபைக்கூடல்ல நானே எழுந்து, சொன்னது தப்புன்னு..."

அடிக்கோலால் மேசையை ஒரு தட்டு தட்டினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"வேணவே வேணாம். நீங்க ஒரு தடவ பேசுனதுக்கே இந்தக் கதி. இன்னொரு தடவ மைக்கப் பிடிச்சு, டீச்சருக்குத் தொண்ட போச்சின்னு சொன்னீங்கன்னா நான் எங்க போயி முகத்த வச்சிக்கிறது? என் பேர மறுபடியும் மேடைக்குக் கொண்டு போகாதீங்க."

"அப்ப லீவு எடுங்க."

"எடுத்தா?" அவர் விரல் ஆசிரியர் அறை இருக்கும் திசையைக் காட்டியது. "அந்த வெள்ளைப் பலகையில என் பாடமெல்லாம் யாரு தலையில வந்து விழும்? கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருக்கா. அவ ஃப்ரீ டைம்ல என் வகுப்ப எழுதுவாங்க. ரெண்டு வாரத்துக்கு. நான் வீட்டுல சும்மா உட்கார்ந்திருப்பேன், அவ இங்க ஓடுவா."

இதை விளக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் வராத நாளில், காலை ஏழே காலுக்குத் துணைத் தலைமையாசிரியர் அவருடைய பாடவேளைகளை மற்றவர்களின் ஓய்வுப் பாடவேளைகளில் பங்கிட்டு வெள்ளைப் பலகையில் எழுதிவிடுவார். ரிலீஃப் என்று அதற்குப் பெயர். புத்தகம் திருத்தவும், பாலில்லாத தே ஓ குடிக்கவும், கழிவறைக்குப் போகவும் இருக்கிற நேரம் அந்த ஓய்வுப் பாடவேளைதான். வந்தவர்கள் பலகையைப் பார்ப்பார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பேனா மூடியை மூடுகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும். அந்தச் சத்தம் தம்மைக் குறித்து எழக்கூடாது என்பதற்காகவே எங்களில் பலர் காய்ச்சலோடு வந்திருக்கிறோம். நான் மேடையில் புகழ்ந்த அருங்குணம் இதுதான்.

அவருடைய அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வருகிற திங்கட்கிழமை ஓய்வு தொடங்கினால்தான் இரண்டு வாரம் முழுதாகக் கிடைக்கும். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில், தலைக்கவசத்துக்குள் முதன்முறையாக நான் எதுவும் பேசிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவரை வீட்டுக்கு அனுப்புவது என்று மட்டும் உறுதி செய்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். ஆசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போனேன். மூன்று வாதங்களைத் தயாரித்து வைத்திருந்தேன்; முதல் வாதத்தின் பாதியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்கிட்ட ஏன் வாதாடுறீங்க? எம்சி என் மேசைக்கு வந்தா அன்னிக்கே கையெழுத்துப் போடுவேன். அவங்க கொண்டாரலன்னா நான் என்னா பண்றது? கையில இருக்கிற ஆள வச்சி எப்படிச் சமாளிக்கிறதுன்னு நீங்க ஒரு வழியோட வாங்க."

வழி ஒன்றைக் கொண்டு போவது என்று முடிவு செய்து, இடைவேளையில் ஆசிரியர் அறையில் எழுந்து நின்றேன். ஆறாம் ஆண்டு ஆசிரியை வகுப்பில் இருந்தார். "மதிப்பிற்குரிய சக ஆசிரியர்களே, நம்மிடையே ஒருவர் நலம் குன்றியிருக்கும் இவ்வேளையில்..." என்று தொடங்கினேன்.

"தம்பி," என்றார் விளையாட்டு ஆசிரியர், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்காமல். "உட்காருங்க லா. இங்க மைக்கும் இல்ல, நடுவரும் இல்ல. இன்னும் பத்து நிமிசத்துல மணி அடிச்சிரும்."

அறை சிரித்தது. நான் உட்கார்ந்தேன். முகம் சுட்டது. மேடை வாழ்க்கையில் பாதிப் பேச்சில் நான் அமர்த்தப்பட்டது அதுவே முதல்முறை.

விளையாட்டு ஆசிரியர் கையைக் கழுவிவிட்டு என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "அவங்களுக்குத் தொண்ட போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சி. உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க, சார்?"

"செவுத்துல எழுதுனது யாரு? நான்தானே. எழுதிட்டு, அதே ஆளுகிட்ட போயி லீவு எடுங்கன்னு எந்த வாயால சொல்றது?" ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "என்ன வேணும், அத மட்டும் சொல்லுங்க."

"அவங்க பாடவேள ரெண்டு உங்களுக்கு. வாரத்துக்கு ரெண்டு."

"இதுதானே? இதுக்கா மதிப்பிற்குரியன்னு ஆரம்பிச்சீங்க? எழுதிக்கிங்க. செவ்வாக்கிழம மூணாவது. வெள்ளிக்கிழம ரெண்டாவது."

அன்று மாலை மாஜோங் தாள் எனப்படும் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, ஆறாம் ஆண்டின் இரண்டு வார அட்டவணையைப் பெரிய கட்டங்களாக வரைந்தேன். முதலில் விளையாட்டு ஆசிரியரின் பெயர் ஏறியது. பிறகு ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். கூட்டத்தை அசைப்பது எனக்கு எளிது, ஒருவர் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "உங்களால் முடியுமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு முறை காத்திருக்க முடியாமல் நானே காரணங்களை அடுக்கத் தொடங்கி, எதிரில் இருந்தவர் முகம் இறுகியதும் நிறுத்திக்கொண்டேன். புதன்கிழமைக்குள் ஓரளவு கைவந்தது.

கைக்குழந்தைக்காரரான இரண்டாம் ஆண்டு ஆசிரியையிடம் கடைசியாகப் போனேன். அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் ஆறாம் ஆண்டு ஆசிரியையின் எண்ணம். ஆனால் கேட்காமல் விட்டால் அவரை மட்டும் ஒதுக்கியதாகிவிடும். நிலைமையைச் சொல்லி, ஒரு பாடவேளை மட்டும் கேட்டேன்.

"டீச்சருக்கா? ரெண்டு எடுத்துக்கிறேன்," என்றார் உடனே. பிறகு தயங்கினார். "தம்பி, நான் ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அடுத்த வியாழக்கிழம பாப்பாவுக்கு ஊசி. மாமியார அனுப்பலாம்னு இருந்தேன். போன தடவையும் அவங்கதான் போனாங்க. பாப்பா வீறிட்டு அழுதிருக்கு. நான் இங்க நின்னுகிட்டு மத்தவங்க பிள்ளைங்களுக்குத் தாலாட்டு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "லீவு கேக்கலாம்னு பார்த்தேன். படியில ஏறும்போதெல்லாம் அந்த எழுத்து கண்ணுல படுதா, சரி வேணாம்னு விட்டுட்டேன்."

என் வரி எத்தனை பேர் வாயைக் கட்டியிருக்கிறது என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை. "வியாழக்கிழம நீங்களே போங்க. உங்க வகுப்புக்கு நான் போறேன்," என்றேன். தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து அவர் வகுப்பையும் என் பெயரையும் எழுதினேன். அதைப் பார்த்த இன்னொருவர், தம் அப்பாவை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போகவேண்டிய நாளைச் சொன்னார். அதற்கும் ஒரு கட்டம் வரைந்தேன். அந்தக் கட்டத்துக்கு விளையாட்டு ஆசிரியர் தாமாகவே பெயர் கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலையில் வாரத்துக்கு இரண்டு கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. புதன், வியாழன் இரு நாளும் பள்ளி முடிந்தபின் ஆசிரியை நடத்தும் கணக்கு மீள்பார்வை. எல்லோருக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்தது, எனக்கும் இருந்தது. அதே நேரத்தில்தான் என் விவாத அணி பயிற்சி செய்யும். மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம்கூட இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அந்த இரண்டு நாள்தான் தாமதமாக வரும். கேடயத்தை வைக்க அலுவலகக் கண்ணாடி அலமாரியில் எந்த இடம் என்பதைக்கூட நான் முடிவு செய்து வைத்திருந்தேன். என் பெயரை முதலில் பென்சிலில் எழுதினேன். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதன்மேல் பேனாவால் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரமே முடியும். பிள்ளைகள் போனபின் ஆறாம் ஆண்டு வகுப்புக்குப் போய், மாஜோங் தாளை ஆசிரியையின் மேசையில் விரித்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த வாரத்தில் எனக்கு வாய்த்த ஆகக் கடினமான உரை அந்த மௌனம்தான்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் படித்தார். ஒவ்வொரு பெயரிலும் விரல் நின்று நகர்ந்தது. இரண்டாம் ஆண்டு ஆசிரியையின் பெயர் வந்ததும் என்னைக் கோபமாக நிமிர்ந்து பார்த்தார். தாளின் ஓரத்தில் இருந்த கட்டத்தைக் காட்டினேன். அதையும் படித்தார். கோபம் போய்விட்டது. இருந்த குரலில் கேட்டார்:

"பின்னம் நீங்களா சொல்லித் தரப்போறீங்க?"

"ஆமா, டீச்சர்."

"பிள்ளைங்க பாவம்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் தாளைத் தம் பக்கம் இழுக்காமல், என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அடியில் எழுதினார்: செவுத்துல இருக்கிறத அழிச்சாப் போறேன்.

மேடையில் நான் சொன்ன ஆயிரம் வாக்கியங்களில் சுவரேறியது அது ஒன்றுதான். பெற்றோர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மாகூட ஒருநாள் அதைப் பார்ப்பதற்காகவே புக்கிட் காத்திலிலிருந்து வந்திருந்தார். விவாதத்தில் சொன்ன கருத்தை விட்டுக்கொடுப்பவன் தோற்றான் என்பது எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சொல்லப்பட்டது. ஆசிரியை என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். பேனாவை மூடித் திருப்பித் தந்துவிட்டு, காத்திருந்தார்.

"இன்னிக்கேவா?" என்றேன்.

தலையசைத்தார்.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். "அழிக்கிறதுக்கா அனுமதி?" என்றார் அவர். "எழுதும்போது என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? போங்க, போங்க. தரையில சிந்தாம அடிங்க."

விளையாட்டு ஆசிரியர் பொருளறையிலிருந்து வெள்ளைச் சாயமும் உருளைத் தூரிகையும் கொண்டுவந்தார். "நான் எழுதுறதுக்கு ரெண்டு நாள் ஆச்சி. நீங்க எத்தன நிமிசத்துல அழிக்கிறீங்கன்னு பார்ப்போம்," என்று படிக்கட்டில் கைகட்டி நின்றார். ஆசிரியை அடிக்கோலோடு வந்து மூன்றாம் படியில் உட்கார்ந்து, வெந்நீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தூரிகையை எடுத்தேன். "விடுப்பு" முதலில் போயிற்று. பிறகு "விளக்கு". "ஒளி" வரும்போது கை வலித்தது.

முடித்துவிட்டு ஓரடி பின்னால் வந்து பார்த்தேன். ஈரம் இறங்க இறங்க, வெள்ளைக்கு அடியிலிருந்து நீலம் மேலேறியது. எழுத்துகள் மங்கலாக, ஆனால் படிக்கும்படியாக, மறுபடியும் தெரிந்தன.

படியில் அடிக்கோல் மூன்று முறை தட்டியது.

விளையாட்டு ஆசிரியருக்கு அதன் பொருள் தெரியாது, என்னவென்று கேட்டார். எனக்குத் தெரியும். சாயம் காயும்வரை மூவரும் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்து, முதல் எழுத்திலிருந்து இரண்டாம் பூச்சு அடித்தேன். இம்முறை சுவர் வெறும் சுவராகவே காய்ந்தது. ஆசிரியை எழுந்து, தாளை மடித்துக் கைப்பையில் அந்தக் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அடிக்கோலை என்னிடம் நீட்டினார். வாசலில் அவர் கார் இடப்பக்கம், மலாக்கா சாலையில் திரும்பியது. அந்தப் பக்கம்தான் மருத்துவர் இருக்கிறார். ஐந்து மணிக்குத் தலைமையாசிரியையின் தொலைபேசிக்கு எம்சியின் படம் வந்து சேர்ந்தது.

இரண்டு வார ஓய்வில் கட்டிகள் சிறுத்தன, முழுக்கப் போகவில்லை. அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். இப்போது ஆசிரியை சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கியோடு பாடம் நடத்துகிறார். வாசற்கதவு வரைக்கும் கேட்பதில்லை. மாஜோங் தாள் ஒன்று ஆசிரியர் அறைச் சுவருக்கும் வந்துவிட்டது. மாதம் பிறந்ததும் யாராவது புதுத் தாள் மாட்டி, தமக்கு வேண்டிய நாளை முன்கூட்டியே எழுதுகிறார்கள். பெயர் கொடுக்க ஆள் கிடைக்காத கட்டங்களும் உண்டு. அவற்றுக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு போகிறேன். என் விவாத அணி மாவட்டப் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதற்காக நான் வருந்தவில்லை என்று எழுதினால் பொய்யாகும்.

ஆசிரியையின் ஓய்வு தொடங்கிய முதல் திங்கட்கிழமை, முதல் பாடவேளையில் ஆறாம் ஆண்டுக்குப் போனேன். பத்துத் தலைகள் இருந்தன. முதலுதவி அறையில் படுத்திருந்த மாணவி வரவில்லை.

"இன்னும் இருமல், சார்," என்றாள் ஒருத்தி. "அவங்க அம்மா லெட்டர் குடுத்திருக்காங்க."

கடிதத்தை வாங்கி வருகைப் பதிவில் குறித்தேன். நிமிர்ந்தபோது, வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருவன் தானாகவே எழுந்து நின்றுகொண்டிருந்தான். கையில் திறந்த புத்தகம்.

"என்னப்பா?"

"அவ வரல, சார். அ... அதனால என் முறை."

முகங்களைப் பார்த்தேன். மற்ற ஒன்பது பேரும் அவனையல்ல, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எதனால் என்று நானாக முடிவு செய்வதை விட்டுவிட்டேன். "ஏன் எல்லாரும் கதவப் பார்க்கிறீங்க?" என்று கேட்டேன்.

"யாராச்சும் வந்திருவாங்கன்னு, சார்," என்றான் பின்வரிசைக்காரன்.

"வரட்டுமே. டீச்சருக்குத் தொண்டையில வலி, டாக்டர் ரெண்டு வாரம் லீவு குடுத்திருக்காரு. எல்லாருக்கும் தெரியும். பெரிய டீச்சருக்கும் தெரியும். யாரும் அவங்கள எங்கேயும் அனுப்பல." திரும்பி, ஆசிரியை வரும் நாளைப் பலகையில் பெரிதாக எழுதினேன். "இனிமே முறையும் கிடையாது. நீ உட்காரு."

அவன் உடனே உட்காரவில்லை. என் கையில் இருந்த அடிக்கோலைப் பார்த்தான். ஒரு தட்டுக்காகக் காத்திருந்தான். அதை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். அதன் பிறகு உட்கார்ந்தான்.